தாய்மாமன் வந்துகொண்டிருக்கிறார்

மதுரைப் பக்கம் ஒரு பிள்ளைக்குக் காது குத்தவேண்டுமென்றால் ஊசி, ஆசாரி, கிடா, சாமி எல்லாம் தயாராக இருந்தாலும் தாய்மாமன் வராமல் காரியம் நடக்காது. அவன் மடியில்தான் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். கடுக்கனைக் கொண்டுவர வேண்டியதும் அவன்தான். பிள்ளை வீறிட்டுத் திமிறும்போது உதை வாங்க வேண்டியதும் அவன்தான். 1996-ஆம் வருஷம் வைகாசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மடி, அதாவது என் மடி, டி.கல்லுப்பட்டிக்கு மேற்கே ஒரு பாலக்கட்டைச் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பிள்ளை பேரையூர் தாண்டி ஓர் அய்யனார் கோயிலில் மொட்டையடித்து, சந்தனம் தடவி, மாமனைக் காணோமே என்று காத்திருந்தது.

மதுரையிலிருந்து பேரையூருக்கு நேர் பஸ் உண்டு. ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஜன்னலோர சீட் கிடைத்தால் ஒரு தூக்கமும் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆனால் சீர் கொண்டுவருகிற தாய்மாமன் பஸ்ஸில் வந்து இறங்கினால் தங்கச்சி முகம் சுண்டிப்போகும் என்று அம்மா சொல்லிவிட்டாள். “பிறகு கார் வச்சிருக்கிறது எதுக்குடா?” இந்தக் கேள்விக்கு அன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை, அந்தக் காரை விற்கிற நாள் வரைக்கும் கிடைக்கவில்லை. பையனுக்குக் கடுக்கன், வெள்ளி அரைஞாண், தங்கச்சிக்குச் சேலை, மாப்பிள்ளைக்கு ஜரிகை போட்ட எட்டு முழ வேட்டி, தேங்காய், பழம், பூ, ஒரு வாழைத்தார் எல்லாம் காரில் ஏறின. கிடா மட்டும் முந்தின நாளே பஸ்ஸில் போயிருந்தது. வெட்டுப்படப் போகிற கிடா நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

காரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரீமியர் பத்மினி, 1978 மாடல், நான் மூன்றாவது சொந்தக்காரன். பம்பாய் குர்லாவில் செய்த வண்டி என்றாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ‘பியட்டு’தான். இத்தாலிக்காரனின் பியட் 1100-ஐ இங்கே தயாரித்து, எழுபதுகளில் பத்மினி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ராஜபுத்திர ராணியின் பெயராம். என் மனைவிக்கு அது நாட்டியப் பேரொளியின் பெயர். “அதான் நல்லா ஆடுது” என்பாள். கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் குடைக்காம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜின் 1089 சிசி. நாற்பது குதிரைச் சக்தி என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வண்டியை விற்றவர் அந்தப் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றிக் கொடுத்து, “இதைப் பத்திரமா வச்சுக்கங்க, ரொம்பத் தேவைப்படும்” என்றார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வண்டியில் நான், மனைவி, சித்தப்பா. சித்தப்பா ஐம்பதுகளில் டி.வி.எஸ். பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் பஸ்களை எடுத்துக்கொண்டபோது பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்கு மாறி, அங்கேயே ஓய்வுபெற்றார். வாழ்நாளெல்லாம் டிக்கெட் கிழித்தவருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் அவரிடம் கேட்டுவிட முடியாது. அத்தனை வருஷமும் இன்ஜினுக்கு முப்பதடி பின்னால், படிக்கட்டில் நின்று வந்தவர். விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் இருக்கும். நான் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் ஊதுவார்.

அவருக்கு ரோடு என்றால் டி.வி.எஸ்.தான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே பஸ் விட்டதில் பேச்சைத் தொடங்குவார். பஸ் வருகிற நேரத்தை வைத்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட கதைக்கு வருவார். அதற்கடுத்தது காந்தக் கதை. அந்தக் காலத்து ரோட்டில் மாட்டு லாடத்து ஆணிகள் உதிர்ந்து கிடக்கும். பஸ் டயரைப் பதம் பார்க்கும். ஐயங்கார் ஒரு வண்டியில் காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓடவிட்டார். அது ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டே போகும். பஞ்சர் பயமில்லாமல் பஸ் வரும். திருமங்கலம் தாண்டிக் கரிசல் காடு ஆரம்பித்த இடத்தில் சித்தப்பா இந்தக் கதையை முடித்து, “அந்தக் காலத்துல ரோட்டுல நிக்கிற பேச்சே கெடையாதுடா” என்று சொல்லி வாயை மூடினார். பியட்டுக்கு விக்கல் எடுத்தது.

இரண்டு விக்கல், ஓர் உலுக்கல், பிறகு நிசப்தம்.

“யாரோ நெனைக்கிறாக” என்றாள் மனைவி. மணி ஒன்பதே கால். யார் நினைத்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகூர்த்தம் பத்தரைக்கு மேல் பதினொன்றரைக்குள். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும்; அதற்குப் பிறகு ஆசாரி ஊசியைத் தொடமாட்டார்.

கத்திரி வெயில் அந்த நேரத்திலேயே தார் ரோட்டை இளக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. நிழல் என்று சொல்ல சீமைக்கருவேலம்தான். அதன் நிழலில் ஒரு கோழி ஒதுங்கலாம். நான் பானட்டைத் திறந்தேன். திறந்து பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதற்காக அல்ல; நின்ற காருக்கு அது ஒரு மரியாதை.

சித்தப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். நாடி பிடிக்கிறவர் மாதிரி ஒரு ஒயரைத் தொட்டார். பிறகு காரின் முன்பக்கம் போய்க் குனிந்து, “அதானே பாத்தேன்” என்றார். வண்டி வாங்கிய அன்று மேலமடைப் பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தோம். மதுரையில் எந்த வண்டி வாங்கினாலும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அடுத்தபடி போகவேண்டிய இடம் அது. கட்டிய பழம் காய்ந்து கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. சீர்த்தட்டிலிருந்து புதுப் பழம் ஒன்றை எடுத்து, காரை மூன்று சுற்றுச் சுற்றி, நாலு திசைக்கும் காட்டி, சக்கரத்தடியில் வைத்து, முனியாண்டியிடம் நீண்ட பேச்சுவார்த்தை ஒன்றை நடத்தினார். இதெல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது. “இப்ப எடு” என்றார்.

எடுத்தது. சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டார். அதற்குப் பேசாமல் ஏதாவது பேசியே இருக்கலாம்.

டி.கல்லுப்பட்டியை ஒரு மூச்சில் கடந்தோம். அந்த ஊரில் 1940-இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் இருக்கிறது. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தில் வந்து தங்கியது அங்கேதான். மாட்டுக்கும் கிராமக் கைத்தொழிலுக்கும் வாழ்நாள் முழுதும் வாதாடிய மனிதர். அவர் ஊரைத் தாண்டி மேற்கே திரும்பியதும் என் கார் மறுபடி விக்கி நின்றது. நின்ற காரைச் சுற்றிக்கொண்டு ஒரு கட்டை வண்டி, வைக்கோல் பாரத்தோடு, நிதானமாகப் போயிற்று. மாடுகள் இரண்டும் எங்களைத் திரும்பிப் பார்த்தன. குமரப்பா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

நாங்கள் நின்ற பாலக்கட்டைச் சுவரில் சைக்கிள் சின்னம் வரைந்திருந்தது. தேர்தல் முடிந்த சூடு. தமிழ் மாநிலக் காங்கிரசும் அதன் சைக்கிளும் ஜெயித்திருந்த நேரம். அன்றைக்கு எங்களையும் வரிசையாகச் சைக்கிள்களே ஜெயித்துக்கொண்டு போயின.

கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆள் இல்லை என்று இந்த இடத்தில் எழுதத்தான் ஆசை. மேற்கே சதுரகிரி மலை நீலமாக நிற்கிறது. நடுவே கரிசல், கருவேலம், கானல். ஆனால் நம் ஊரில் ஒரு காரின் பானட்டைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் பொட்டலுக்குள்ளிருந்து ஆள் முளைக்கும். முதலில் ஆட்டுக்காரர் ஒருவர் வந்தார். ஆடுகளும் வந்தன. தலையில் விறகுக்கட்டோடு ஒரு ஆத்தா வந்து, கட்டை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். கரிமூட்டம் போடுகிற இருவர். பச்சை கேன்வாஸ் ஷூ போட்ட மிலிட்டரிக்காரர் ஒருவர். டி.வி.எஸ். 50-இல் ஒரு குடும்பம்: புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், முன்னால் ஒரு தகர டப்பா, பின்னால் ஒரு மூட்டைப் பருத்திக்கொட்டை. அந்த வண்டி நின்றுகொண்டு துடிக்கும்போதும் நம்பிக்கையாகத் துடித்தது.

காருக்கு என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் கேள்வி, “எந்தூரு?” இரண்டாவது, “யார் வீட்டுக்கு?” மாப்பிள்ளை பெயரைச் சொன்னேன். அவர் அப்பா பெயர், தாத்தா பெயர், கிணறு இருக்கிற திசை எல்லாம் விசாரணைக்கு வந்தன. அடுத்து என்ன கேள்வி வரும் என்பது மதுரைச் சீமைக்காரர்களுக்குத் தெரியும். அது வருவதற்குள் சித்தப்பா, “வெயில் என்னா வெயிலு” என்று பேச்சைத் திருப்பினார். முப்பத்தைந்து வருஷம் பஸ்ஸில் கற்ற வித்தைகளில் அது ஒன்றுதான் அன்றைக்கு வேலை செய்தது.

“காதுகுத்துக்கா? தாய்மாமனா நீங்க? அப்ப அழகர் மாதிரிதான்.”

சித்திரைத் திருவிழா முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர்மலையிலிருந்து சீரோடு புறப்பட்ட அழகர், வழிநெடுக மண்டபம் மண்டபமாக நின்று நின்று வந்து, ஆற்றுக்கு வரும்போது தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுக் கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிட்ட கதை மதுரையில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு அதை என்னிடம் சொல்லாத ஆள் இல்லை. ஆட்டுக்காரர் சொன்னார். மிலிட்டரிக்காரர் சொன்னார். விறகு ஆத்தா மட்டும், “அழகருக்காச்சும் குருதை இருந்துச்சு” என்று கொஞ்சம் மாற்றிச் சொன்னார்.

பிறகு வைத்தியம் ஆரம்பமாயிற்று. பேட்டரி டவுன் என்றார் ஒருவர். பேட்டரி இல்லை, பிளக்கில் கரி என்றார் கரிமூட்டக்காரர். கரி விஷயத்தில் அவர் சொன்னால் கேட்க வேண்டியதுதான். கரி என்றதும் சித்தப்பா, உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களே கரிவாயுவில் ஓடிய கதையை எடுத்தார். பஸ்ஸின் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு கலத்தை வைத்து, கரியை எரித்து, வருகிற வாயுவை இன்ஜினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். அந்தக் கலத்தை டி.வி.எஸ்.ஸிலேயே செய்தார்கள். கரிமூட்டக்காரர்கள் இருவரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒருவர் காரின் பின்பக்கத்தை ஒரு மாதிரியாக அளந்து பார்த்தார்.

டி.வி.எஸ். 50-காரரின் கட்சி வேறு. “கார்ப்பரேட்டர்ல அடைப்புண்ணே. ஊசி ஏதாச்சும் இருக்கா?” மனைவி சேலை மடிப்பிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வைத்து அவர் எதையோ குத்தினார். குத்தியது கார்ப்பரேட்டரைத்தானா என்று எனக்குத் தெரியாது. ஊக்கு வளைந்து திரும்பி வந்தது.

இங்கே ஒரு கதை சொல்லத் தோன்றுகிறது. உலகத்திலேயே முதன்முதலாகக் காரில் வெளியூர்ப் பயணம் போனது ஒரு பெண். ஜெர்மனியில் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் புருஷனிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கு மேல், தாய் வீட்டுக்குப் போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது; தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். ஒயர் தேய்ந்தது; காலுறைப் பட்டியைச் சுற்றினார். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே இல்லாத காலம்; மருந்துக்கடையில் போய் எரிபொருள் வாங்கி ஊற்றினார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டார். இதை நான் பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்து, பெருமையாக மனைவியிடம் சொன்னேன். “அந்தம்மா புருஷன்கிட்டச் சொல்லாமத்தானே போனாக? அதான் போய்ச் சேந்துட்டாக” என்றாள்.

கல்லுப்பட்டிக்குத் திரும்புவோம். டி.வி.எஸ். 50-காரர் தோற்றபின், குடும்பத்தைப் பாலக்கட்டையில் இறக்கிவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவனைக் கூட்டிவருவதாகக் கல்லுப்பட்டிக்குப் புறப்பட்டார். அதுவரை வாய் திறக்காத மிலிட்டரிக்காரர் இப்போது எழுந்தார். “ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இருக்கா?” இருந்தது. டிக்கியில் வாழைத்தாருக்கு அடியில். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, காலைப் பரப்பி நின்று, காரின் மூக்கில் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினார். ஆடுகள் விலகின. இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்றில் இன்ஜின் கர்ஜித்தது. கூட்டம் கைதட்டியது. “லடாக்ல, பனிக்குள்ள, இப்பிடித்தான்” என்றார் அவர். சித்தப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “எலுமிச்சம்பழத்தோட வேகம் இன்னும் இருக்கு” என்று முணுமுணுத்தார்.

மிலிட்டரிக்காரரும் பேரையூர்தான் என்பதால் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். டி.வி.எஸ். 50-காரரின் மனைவியையும் பிள்ளைகளையும் வெயிலில் விட மனமில்லாமல் அவர்களையும் ஏற்றினோம். பருத்திக்கொட்டை மூட்டை மட்டும் ஆத்தாவின் பொறுப்பில் பாலக்கட்டையில் தங்கியது. நாலு கிலோமீட்டர் போனதும் மறுபடி விக்கல். மூன்றாவது மண்டபம். மணி பத்து ஐம்பது.

இந்த முறை உண்மையிலேயே ஆள் இல்லை. நாங்களே கூட்டமாக இருந்தோம். மிலிட்டரிக்காரர் ஹேண்டிலைச் சுற்றினார், பதினைந்து சுற்று. லடாக் பலிக்கவில்லை. சித்தப்பா அமைதியாக இன்னொரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார். மனைவி அதைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். பையன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. தங்கச்சி ரோட்டைப் பார்ப்பது தெரிந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், “தாய்மாமன் எங்கப்பா?” என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்க, “வந்துக்கிட்டே இருக்காரு” என்று அம்மா சொல்வது கேட்டது.

அப்போதுதான் டி.வி.எஸ். 50 வந்தது. பின்னால் இருபது வயசுக்குள் ஒரு மெக்கானிக் தம்பி. கையில் ஒரே ஒரு ஸ்பேனர். அதையும் அவன் பயன்படுத்தவில்லை. பானட்டுக்குள் குனிந்து, இன்ஜினின் விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் உருண்டைச் சாமானை விரலால் தொட்டுவிட்டுக் கையை உதறினான்.

“ஏசி பம்ப்புண்ணே. ஏர்லாக் ஆகிருக்கு.”

அந்தக் காரில் ஏசி என்று இருந்தது அந்தப் பம்புக்கு மட்டும்தான். டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்ப்பரேட்டருக்குத் தள்ளுகிற பம்ப் அது. இன்ஜின் மேலேயே பொருத்தியிருப்பார்கள். கத்திரி வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளச் செய்த பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். கார்ப்பரேட்டர் வறண்டுபோய் இன்ஜின் நிற்கும். இத்தாலிக்காரன் வரைந்த வண்டி. அவனுக்குக் கத்திரி தெரியாது.

“அப்ப ரெண்டு தடவை எப்பிடித் தம்பி எடுத்துச்சு?” என்று கேட்டேன்.

“சும்மா அரை மணி நேரம் விட்டா பம்ப்பு ஆறிரும்ணே. ஆறுனா தானா எடுக்கும். நீங்க என்னா செஞ்சீங்க?”

சித்தப்பா மலையைப் பார்த்தார். மிலிட்டரிக்காரர் ஷூ லேஸைக் கட்டினார்.

“ஈரத்துணி சுத்தணும். தண்ணி இருக்கா?” என்றான் தம்பி. இருந்த ஒரு பாட்டில் தண்ணீரையும் டி.வி.எஸ். 50-காரரின் பிள்ளைகள் குடித்திருந்தன. அடுத்து, “நூல் துணி ஏதாச்சும்?” மனைவி கட்டியிருந்தது பட்டு. நான் கட்டியிருந்த வேட்டியை எல்லோரும் ஒரு கணம் பார்த்தார்கள். சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அது அவருடைய பதில். மனைவிதான் சீர்த்தட்டைத் திறந்து, மாப்பிள்ளைக்கு வாங்கிய ஜரிகை வேட்டியை எடுத்து நீட்டினாள். “தெரிஞ்சா தங்கச்சி கொன்னுருவா” என்றேன். “போகலைன்னாலும் கொல்லுவா. போய்ட்டே சாவோம்” என்றாள்.

தண்ணீருக்குப் பதில் கடவுள் பதநீரை அனுப்பினார். சைக்கிளில் இரண்டு பக்கமும் தகரக்குடம் தொங்க ஒருவர் பேரையூர்ப் பக்கமிருந்து வந்தார். நிலைமையைச் சொன்னோம். “குடிக்கத்தான் கேக்குறீகன்னு நெனச்சேன்” என்றார் வருத்தமாக. ஒரு குடத்தை மொத்தமாக விலைக்கு வாங்கினோம். வேட்டியின் ஒரு நுனியை மடித்துப் பதநீரில் நனைத்து, தம்பி பம்பைச் சுற்றிக் கட்டினான். மீதி வேட்டி, ஜரிகையெல்லாம் மின்ன, இன்ஜின் மேல் பரிவட்டம் மாதிரி கிடந்தது.

ஆனால் பம்ப் ஆற இன்னும் பத்து நிமிஷமாவது வேண்டுமென்றான். மணி பதினொன்று பத்து. டி.வி.எஸ். 50-காரர் என் தோளைத் தொட்டார். “தாய்மாமன் மட்டும் ஏறுங்கண்ணே.”

மடியில் சீர்த்தட்டு, தட்டில் மீதியிருந்த எலுமிச்சம்பழம், கையில் மாலை. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டால் கை காலியாகும் என்று போட்டுக்கொண்டேன். பேரையூர் கடைத்தெரு வழியாகக் கழுத்தில் மாலையோடு மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போன ஒரே அரசு ஊழியன் நானாகத்தான் இருப்பேன். டீக்கடையில் ஒருவர் எழுந்து கும்பிட்டார். எந்தக் கட்சி என்று நினைத்தாரோ.

கோயிலில் போய் இறங்கும்போது பதினொன்று நாற்பது. தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. வண்டியைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், உள்ளே போனாள். நான் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். பையனை மடியில் வைத்தார்கள். மாமனின் முகத்தைப் பார்த்து அவனுக்கும் நம்பிக்கை வரவில்லை. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு, “கடுக்கனைக் குடுங்க” என்றார்.

கடுக்கன் மனைவியின் கைப்பையில் இருந்தது. கைப்பை காரில் இருந்தது.

அந்த நேரத்து அமைதியை நான் வர்ணிக்கப் போவதில்லை. கட்டியிருந்த கிடா ஒருமுறை கத்தியது. ஆசாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. “அழகர் கதைதான்…” என்று அவர் ஆரம்பிக்கும்போதே தூரத்தில் விசில் கேட்டது.

நீளமான கண்டக்டர் விசில். கரிசல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பத்மினி வந்தது. மெக்கானிக் தம்பி ஓட்ட, சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி ஊதிக்கொண்டிருந்தார். கார் வருவதற்கு முன்னால் வாசம் வந்தது. வழியெல்லாம் துணி காயக் காய நிறுத்தி நிறுத்திப் பதநீர் ஊற்றியிருக்கிறார்கள். சூட்டில் அது பம்பின் மேலேயே காய்ந்து பாகாகி, இன்ஜின் முழுக்கக் கருப்பட்டி மணத்தது. ஊர்ப் பிள்ளைகள் காருக்குப் பின்னால் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு ஓடி வந்தன. மனைவி இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல், கடுக்கனை ஆசாரி கையில் வைத்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு முதல் காது. ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது காது. எனக்குக் கீழுதட்டில் ஓர் உதை. மாமன் சீர் முழுமையாகிவிட்டது என்று பெரியவர் அறிவித்தார். அழகர் கதையை அவர் முடிக்கவே இல்லை. பந்தியில் எனக்கு எதிரில் உட்கார்ந்து முடித்தார்.

சீர் வேட்டியைத் தாய்மாமன் கையால் கொடுக்க, மாப்பிள்ளை அங்கேயே உடுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கொடுத்தேன். உடுத்திக்கொண்டார். நல்ல மனிதர். நாள் முழுக்க அவர் பின்னால் எறும்பு போயிற்று.

டி.வி.எஸ். 50-காரர் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, தம்பியையும் ஏற்றிக்கொண்டு, பருத்திக்கொட்டை மூட்டையை எடுக்கக் கிளம்பினார். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அடுத்த வருஷமே பியட்டை விற்றுவிட்டேன். வாங்கியவருக்குப் புத்தகத்தையும் கொடுத்து, நனைத்துச் சுற்ற ஒரு சாக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அந்த அளவுக்கு நான் நியாயஸ்தன்.

அன்றைக்கு எடுத்த போட்டோ பேரையூர் வீட்டுக் கூடத்தில் இப்போதும் மாட்டியிருக்கிறது. பையன் அழுகிறான், எனக்கு உதடு வீங்கியிருக்கிறது, மாப்பிள்ளை சிரித்தபடி இடது கையை அகல விரித்துத் தொடைமேல் வைத்திருக்கிறார். அந்தக் கைக்கு அடியில்தான் பம்ப் அளவுக்கு வட்டமாக ஒரு கறை இருக்கிறது.